மஞ்சள் மீன் திரை

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு.

நான் ஒரு பங்க் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நாலு பேரும் ஒரே வகுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வாசித்துப் பழகுவோம். இதுவரை மூன்று நிகழ்ச்சிதான். போன வாரம் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். முகம் தெரியாமலிருக்கத் துணி முகமூடி போட்டுக்கொள்வோம். என்னுடையதை, அம்மா ஹாலுக்குத் திரை தைத்து மிஞ்சிய துணியில் தைத்தேன். மஞ்சள் மீன் போட்டதே, அதுதான்.

இன்று காலைப் பேப்பரில் எங்கள் படம் வந்துவிட்டது. கலரில்.

"பொம்பளப் புள்ளைங்களாம். பெத்தவங்க எங்கதான் போனாங்களோ" என்றார் அப்பா. அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் திரை ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். உன் கிடாரை அவர் உடைத்த அன்று நீ ஏன் அழவில்லை என்று இப்போது புரிகிறது.

சாயங்காலம் வந்தபோது ஜன்னலில் திரை இல்லை. அம்மா அதை வாளியில் ஊறவைத்திருந்தாள்.

"அழுக்கா இருந்துச்சுடி" என்றாள், என்னைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமைதான் துவைத்தாள்.

ராத்திரி அப்பா வெறும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவியதும் காலைப் பேப்பரைத் தேடினார்.

அக்கா, உன் வீட்டில் எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்குமா? நாளைக்கே நான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள்.