பழுப்பான காந்தக் கட்டி

ஜூலை 9, செவ்வாய். கழக்கூட்டம் ஹாஸ்டல்.

செம்பு நானோத் துகள் போட்டால்தான் மஞ்சள் கரைசல் தண்ணீர்போல் தெளிய வேண்டும். அதை உறுதிப்படுத்த இன்று செம்பே போடாமல் ஒரு பீக்கர் கரைசலைச் சுழலவிட்டேன். பத்தே நிமிடத்தில் மஞ்சள் போய்விட்டது.

பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் நாகர்கோவில் ஷீலா எட்டிப் பார்த்தாள். "ஒரு தடவதானே? நோட்டுல எழுதாண்டாம் கேட்டோ. கைடு சாருக்குத் தெரியவா போகுது?"

எனக்கு என்மேல்தான் எரிச்சல் வந்தது. பீக்கரை ஆசிட்டில் கழுவுகிறேன். உள்ளே சுழலும் காந்தக் கட்டியை மட்டும் எட்டு மாதமாகச் சோப்புத் தண்ணீரில் அலசித் திரும்பப் போட்டிருக்கிறேன். வெள்ளைக் கட்டி பழுப்பாகிவிட்டது. செம்பு அதில் ஒட்டியிருக்கிறது. செம்பு இல்லாமலே, புதுக் கட்டி போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரமாகியும் மஞ்சள் அப்படியே நின்றது.

என் துகளைப் பத்து முறை பயன்படுத்தியும் வேகம் குறையவில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து முறையும் வேலை செய்தது துகளா, கட்டியா? வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய கட்டுரை.

லேப் நோட்டில் எழுத முதலில் பென்சிலைத்தான் எடுத்தேன். வைத்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். பழைய கட்டி கவரில், பைக்குள் இருக்கிறது. காலையில் சார் மேசையில் முதலில் அதை வைப்பேன், பேச்சு அப்புறம். கத்துவார். கத்தட்டும். பிறகு பத்து முறையும் முதலிலிருந்து, புதுக் கட்டியோடு. மூன்றாவது முறையே மஞ்சள் போகாவிட்டால், போகவில்லை என்று எழுதுவேன். அதையும் பேனாவால்தான்.