ஆளில்லாத கூடாரம்

ஹிதார் மாதம் 12

அன்புள்ள ஷிமெலிஸ்,

நலம்தானே? உன் அம்மா ஜெனெட் நலம். நேற்று காப்பி வறுத்துக் கூப்பிட்டார். வழக்கப்படி மூன்று சுற்றுக் காப்பியும் குடிக்காமல் எழ விடவில்லை. "நம்ம சாவுச் சங்கத்துல எனக்குத்தான் வயசு ஜாஸ்தி. நான் செத்தா, சங்கம் வாசல்ல போடுற துக்கக் கூடாரம் நிறையணும் லெம்மா. இல்லேன்னா எழுந்து வந்து திட்டுவேன்" என்று சிரித்தார். ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் மூன்று நாளும் போய் உட்கார்ந்தவராயிற்றே.

வெளிநாட்டுக் கம்பெனி நம் ஊருக்கு வர என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். முதலீட்டு ஆணையத்தில் இருப்பவனுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் என்ன சொல்வது? ஆடு வாங்க வருகிறவன் விலையை மட்டும் கேட்பதில்லை. பல்லைப் பார்ப்பான், ஓட்டிப்போகும் வழியில் தண்ணீர் உண்டா என்று விசாரிப்பான். நமக்குத் துறைமுகத்துக்கு ரயில் உண்டு, மின்சாரம் பரவாயில்லை, பத்தாவது முடித்த பெண்கள் இருக்கிறார்கள். கூடவே, இது சாவு வீட்டுக்குப் போகிற ஊர் என்பதையும் சொல்லிவிடு.

உன் அன்பு மாறாத
லெம்மா

யெகாத்தித் 5, அடிஸ் அபாபா

அன்புள்ள லெம்மா,

கையெழுத்தாகிவிட்டது! தையல் ஆலை. ரயில், வரிவிலக்கு எல்லாம் பக்கத்து நாடும் தருகிறதாம். கூலி நம்மிடம்தான் குறைவு. அதற்குப் பிறகும், "எத்தனை நாள் லீவு போடுவாங்க?" என்று துருவினார்கள். "எங்க பொண்ணுங்களா? சாவு விழுந்தாக்கூட மெஷினை விட்டு எழ மாட்டாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல், பெருமைப்படுவாள்.

உன் ஷிமெலிஸ்

மறு ஆண்டு, மெகாபித் 20

அன்புள்ள ஷிமெலிஸ்,

ஆலை நன்றாக ஓடுகிறது. சம்பளம் வாடகைக்கும் இன்ஜெரா ரொட்டிக்கும் சரியாகப் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் தைக்கிற என் பக்கத்து வீட்டு ஹிவோட், மாமன் சாவுக்குப் போனாள். மறுநாள் ஆலை வாசலிலேயே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மாமன் செத்ததுக்கு நான் என்ன சார் பண்றது, ஞாயித்துக்கிழமை சாவுன்னு சொல்லி வைக்கவா?" என்று கேட்கிறாள். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

உன் லெம்மா

மியாஸ்யா 2, அடிஸ் அபாபா

லெம்மா,

இப்போது வாயைத் திறந்தால் அவர்கள் பெட்டி கட்டிவிடுவார்கள். அடுத்த ஆலைக்குப் பேச்சு நடக்கிறது. கொஞ்சம் பொறு.

ஷிமெலிஸ்

ஹம்லே 9

ஷிமெலிஸ்,

நீ வெளிநாட்டில் முதலீட்டாளர்களோடு இருப்பதாகவும், பேச்சை நடுவில் விட்டு வர முடியாதென்றும் உன் அலுவலகத்தில் சொன்னார்கள். உன் அம்மாவை நேற்று முன்தினம் அடக்கம் செய்தோம்.

சங்கத்துக் கூடாரம் போட்டோம். கிழவர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினோம். வழியில் இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஆலை வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹிவோட் மட்டும் வந்தாள், அவளுக்குத்தான் வேலை இல்லையே. "எல்லாரும் மெஷின்ல உக்காந்தபடியே சன்னல் வழியா பார்த்து அழுதாங்க சார். சூபர்வைசர் வந்ததும் தலையைக் குனிஞ்சு தைக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள்.

நீ அவர்களிடம் சொன்னது பொய்யில்லை. யாரும் எழவில்லை.

காப்பி மூன்றாம் சுற்றுக்குக் குடிக்க ஆளில்லை. கூடாரத்தை அவிழ்க்கவும் ஆளில்லை. இன்னும் உன் வாசலில் நிற்கிறது. லீவு கிடைத்தால் வந்து அவிழ்த்துக்கொள்.

லெம்மா