வியாழக்கிழமைக்கு எழுதிய பதில்கள்

8 ஜூலை 1971, வியாழன்

கூட்டம் முடிந்து போய்விட்டார்கள். ஒன்பது டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜவுளிக்கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி. ஒரு பக்கம்கூட எழுதவில்லை அவர். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணலாகத்தான் வரும். வரட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்.

அவர் போய் ஏழு வாரம். சாயப் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருஷமாக வியாழக்கிழமை வேத வகுப்பு எங்கள் வீட்டில்தான். முன்னறையில் அவர் நடத்துவார். நான் அடுப்படியில் டீ போடுவேன். அடக்கம் முடிந்த மறுவாரமே போதகர் சாமுவேல் ஐயா வந்து, இனி நீதான் நடத்த வேண்டும் என்றார். நடத்துகிறவருக்கு வேண்டிய குணங்களை விரல் மடக்கிச் சொன்னார். பொறுமை. திடமனசு. எந்தக் கேள்விக்கும் பதில். தலையாட்டினேன். யேசுதாஸ் பெஞ்சாதி வேற இன்னா பண்ணுவா?

15 ஜூலை

ஜெபம் பண்ணும்போது அழுகை வந்துவிட்டது. கைவண்டி இழுக்கிற சின்னப்பையன் பதறிப்போனான். "நீங்களே அழுதா நாங்க எங்கக்கா போறது" என்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முழுங்கிக்கொண்டேன்.

தனியாக அழலாம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டின வீடு. மூக்கை உறிஞ்சினால் பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்கிறார்கள். ஐயோ, அம்மாவே இப்பிடி உடைஞ்சிட்டா எப்பிடி என்கிறார்கள்.

18 ஜூலை

மேரி அக்கா அரக்கோணத்திலிருந்து கார்டு போட்டிருக்கிறாள், வந்து என்னோடு இரு என்று. ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். அப்போ கூட்டம் என்ன ஆகும், என்றார். அவ்வளவுதான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார வைத்து மேலே பலகை போட்ட மாதிரி இருக்கிறது.

21 ஜூலை

அவருடைய டிரங்குப் பெட்டியில் நீல அட்டை நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, வேதப் பகுதி, கேள்வி, கீழே பதில். முதல் பக்கம் சேர்த்துக் கிறுக்கின கூட்டெழுத்து, படிக்க வரவில்லை. மற்றது தெளிவாக இருக்கிறது. ஸ்தோத்திரம். பிழைத்தேன்.

29 ஜூலை

தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பதிலை மனப்பாடம் செய்தேன். ராட்டை ஓடுகிற வேகத்துக்கு வார்த்தையும் ஓடியது. சாயந்திரம் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேன். போதகர் வந்திருந்தார், ஞானமாகப் பேசுகிறாய் என்றார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அவ்வளவு கவனம்.

5 ஆகஸ்ட்

செத்துப்போன சிறுமியைக் கர்த்தர் எழுப்பிய பகுதி. சம்பூர்ணம் எதிரில் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் காய்ச்சலில் நாலு வயசுப் பெண்ணைப் பறிகொடுத்தவள். மெதுவாகத்தான் கேட்டாள். "அந்தப் பொண்ணு எழுந்துச்சு. எம்பொண்ணு ஏங்க்கா எழுந்துக்கல?"

நோட்டில் இருந்ததைச் சொன்னேன். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று.

அவள் டீயைக் குடிக்கவில்லை.

12 ஆகஸ்ட்

சம்பூர்ணம் வரவில்லை.

14 ஆகஸ்ட்

வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். தூங்குறா என்றாள் மாமியார்க்காரி. தூங்குறவ கொலுசு நடந்துக்கினே இருந்தது.

என்ன தப்பாகச் சொன்னேன்? அவர் எழுதினதைத்தானே சொன்னேன்?

19 ஆகஸ்ட்

நாலு பேர்தான். கடைசியாக எழுந்த சின்னப்பையனை நிறுத்தி, அவர் மாதிரி நடத்த எனக்கு வரவில்லையா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாருக்கா. படிப்பாரு, உனக்கு இன்னா பட்டுதுன்னு கேப்பாரு, அப்பால சும்மா இருப்பாரு. நாங்கதான் பேசுவோம். அண்ணன் இன்னா நெனச்சாருன்னு பதினோரு வருசமா யாருக்கும் தெரியாது."

அடுப்படியில் ஸ்டவ் இரைச்சலில் எனக்குக் கேட்ட பேச்செல்லாம் இவர்களுடையதா? அவர் பிரசங்கம் பண்ணுகிறார் என்றல்லவா நினைத்தேன்.

20 ஆகஸ்ட்

முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். காலையில் தொடங்கினேன், உலை கொதித்து வழிந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டு வரிதான்.

"என் பதிலை இங்கே எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் அங்கே வாயை மூடிக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்கலாம்."

அந்தச் சிறுமியின் பக்கத்தைத் திருப்பினேன். மேலே தேதி போட்டிருக்கிறது. எங்கள் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோன அதே மாசம். தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டார். எனக்குக்கூடச் சொன்னதில்லை. அத்த எடுத்துக்கினு போயி நான் அவ மூஞ்சில அடிச்சேனே. ஐயோ.

21 ஆகஸ்ட்

சம்பூர்ணம் குழாயடியில் இருந்தாள். குடம் நிரம்பும் வரைக்குமாவது போக மாட்டாள் என்று பக்கத்தில் நின்றேன்.

"அந்தப் பதிலு உனக்கு இல்லம்மா. எங்க வூட்டுக்காரரு தன்னையே திட்டிக்கினது. தெரியாம உன் தலைமேல போட்டுட்டேன்."

"அப்ப எம்பொண்ணு ஏன் போச்சு? சொல்லுங்க."

"தெரியாது. எம்புள்ள ஏன் போச்சு, அவரு ஏன் போனாரு, ஒண்ணுமே தெரியாது."

குடம் வழிந்தது. அவள் நகர்த்தவில்லை. அப்புறம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

26 ஆகஸ்ட்

ஏழு பேர். வாசல்நடையை ஒட்டிச் சம்பூர்ணம், எழுந்து போக வசதியாக. நோட்டை டிரங்கிலேயே வைத்துவிட்டேன். படித்தேன், கேட்டேன், சும்மா இருந்தேன். எவ்வளவு கஷ்டம் இந்தச் சும்மா இருப்பது. தெருவில் ஒரு மாட்டு வண்டி வந்து, தாண்டி, திரும்பும் வரை ஒருவரும் பேசவில்லை.

சம்பூர்ணம்தான் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு இன்னா பட்டுதுக்கா?"

அழுதுவிட்டேன். ஏழு வாரம், பதினாலு வாரம், எல்லாம் சேர்ந்து வந்தது. யாரும் தைரியம் சொல்லவில்லை. சின்னப்பையன் எழுந்தான். பயந்து ஓடுகிறான் என்று நினைத்தேன். அடுப்படியில் ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். எல்லோரும் குடித்தோம். அவளும்.

2 செப்டம்பர், வியாழன்

மேரி அக்காவுக்குக் கார்டு போட்டேன். கிறிஸ்மஸுக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன் என்று. இந்த வீட்டில் இன்னும் மூச்சு முட்டத்தான் செய்கிறது.

இன்றைக்குப் புயலில் படகு தத்தளிக்கும்போது கர்த்தர் தூங்கிக்கொண்டிருந்த பகுதி. கேள்வி: அந்தப் படகில் நீ இருந்தால் என்ன சொல்வாய்?

என் பதில்: உலுக்கி எழுப்புவேன். எங்க வூட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தப்போ நீர் எங்கே இருந்தீர் என்று கேட்பேன்.

எழுதியாயிற்று. வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். கொலுசுச் சத்தமும்.