சுவரில் ஏறாத முகம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? மறைக்காமல் எழுது.

நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து கடை போட்ட தெருவில்தான் வேலை என்று சொன்னேன் அல்லவா? பாதிக் கடைகள் பூட்டி, எலி குடியிருந்த தெருவுக்கு, சுற்றுலாக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று திடீரென்று புது விளக்கு, புதுப் பூச்சு. குழாய் ஒழுகுகிறது என்று எத்தனை முறை சொல்லியும் எட்டிப் பார்க்காத கட்டடச் சொந்தக்காரர், இப்போது "சாப்டீங்களா தம்பி?" என்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது.

போன வாரம், தெருவின் கதையைச் சுவரில் வரைய ஓர் ஓவியரை அழைத்து வந்தார். இஸ்திரிப் பெட்டியோடு என்னை நிற்க வைத்தார்கள். கையை மட்டும் வரைந்து முடித்திருந்தபோது எங்கள் சலவைக்கடை முதலாளி என்னை உள்ளே இழுத்துவிட்டார்.

"சுவத்துல யாரு படத்த மாட்டுவாங்க? போய்ச் சேந்தவன் படத்தத்தானே! நம்மள அங்க ஏத்திட்டு, கடைய காலி பண்ணச் சொல்லுவான் பாரு."

நான் மறுபடி ஓவியர் முன்னால் போய் நிற்கவில்லை. சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல, மூஞ்சிக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார். இப்போது சுவரில் என் கை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறது. பயப்படாதே, ஆள் முழுசாகத்தான் இருக்கிறேன்.

தேய்க்கிற மேசையில் விரிக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதோ, சொந்தக்காரர் டேப்போடு வந்து எங்கள் கடை வாசலை அளக்கிறார். எதற்கென்று கேட்கப் போகிறேன்.

பாப்பாவின் அப்பா