ஷீலா சம்பளத்துக்கும் ரசீது உண்டு

“சம்பளத்துக்கு ஒத்தப் பைசா எடுக்க மாட்டோம்னு ஏங்க நன்கொடை நோட்டீஸ்ல அடிச்சீக?”

“அப்படிப் போட்டாத்தான் குடுப்பாக பூரணி. பிள்ளைகளுக்குச் சமைச்சுப் போடுறது சேவை, அதுக்கு என்ன சம்பளம்?”

காலையில நாம போட்ட இந்தச் சண்டைய நம்ம பிள்ளைக இல்லத்துச் சமையக்காரி ஷீலா கேட்டுக்கிட்டே நின்னிருக்கா. உலைய இறக்கி வச்சிட்டு, சொல்லாம அவ ஊரு கல்லலுக்குப் பஸ் ஏறிட்டா. அந்த நோட்டீஸக் காட்டி வாங்குன பணத்தைத் தொட முடியாம அவளுக்கு மூணு மாசச் சம்பளம் நிக்குது. அவளைத் திரும்பக் கூப்பிடத்தான் போறேன்.

பிள்ளைக இருபத்திரண்டும் ஒரு மணிக்குச் சாப்பிட வந்துரும். சோறு வடிச்சாச்சு, குழம்பு நீங்கதான் வைக்கணும். புளி கரைச்சு மூடி வச்சிருக்கேன்.

பதினோரு மணிக்கு சத்தியமூர்த்தி செட்டியார் வாராக. அவுக அப்பச்சி திதிக்கு மறுபடியும் அரிசி தாரேன்னா வேண்டாம்னுருங்க. பதினாலு மூட்டை கெடக்கு, ஆக்கத்தான் ஆளில்லை. சமையக்காரி சம்பளத்துக்குன்னு வாய்விட்டுச் சொல்லிப் பணமாக் கேளுங்க. அரிசிக்கு 80ஜி ரசீது கிடையாது, பணத்துக்குன்னா பாதிக்கு வரிச்சலுகை உண்டு. சம்பளத்துக்குப் போனாலும் சலுகை போகாதுன்னு ஆடிட்டர் சொன்னாரு.

ரசீது புக் பீரோவுல இருக்கு. சாவி மாதா படத்துக்குப் பின்னாடி.

கோவத்துல உங்களை ஏமாத்துக்காரர்னு சொல்லிட்டேன். அது தப்பு. நோட்டீஸும் தப்புதான்.

குழம்புல உப்பக் குறைச்சுப் போடுங்க.

கல்லல் பஸ் ஸ்டாண்டு போன் பூத் நம்பர் இந்தச் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கு. பன்னெண்டு மணிக்கு அங்க நிப்பேன். நீங்க என்ன கேட்டீகன்னு தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டு வாசல்ல போய் நிக்க? செட்டியார்ட்ட கேட்டீகளா இல்லையான்னு போன் பண்ணிச் சொல்லுங்க.