சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால்

என் தங்கத்துக்கு,

நேற்றுதான் போனில் பேசினோம், அதற்குள் கடுதாசியா என்று சலித்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு. பேசும்போது வாயில் வராதது எனக்கு எழுதினால்தான் வருகிறது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு நாளாக என் ஒரே நினைப்பு.

நீங்கள் கூடைப்பந்தில் அரையிறுதிக்கு வந்ததை அப்பா லிப்ட் பழுதுபார்க்கப் போகிற கட்டடத்தில் எல்லாம் சொல்லிவிட்டு வருகிறார். உன் தம்பி துணிக்கூடையைக் கதவில் தொங்கவிட்டு சாக்ஸைச் சுருட்டிப் போட்டுப் பழகுகிறான், அக்கா மாதிரி நான் ஆளை இடிக்க மாட்டேனாக்கும் என்று வாய் வேறு. அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. போன மாத ஆட்டத்தில் உன்னைக் கீழே தள்ளிய எதிரணி நெட்டைப்பெண் உடனே கை நீட்டினாளாம், நீ தட்டிவிட்டாயாம், உன் அறைத்தோழி சொன்னாள். சனிக்கிழமை அவளுக்கு முழங்கையால் ஒன்று வைக்கப்போகிறேன் என்று நீ சிரித்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் தரையில்தான் விழுவாள் கண்ணு.

முந்தாநாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கொத்தனாரைத் தூக்கிவந்தார்கள். பத்து நாள் முன்பு சாரத்திலிருந்து விழுந்தவர், லேசான கிறுகிறுப்புதான் என்று வேலைக்குப் போய் மறுபடி விழுந்திருக்கிறார். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை தாங்காது என்றார் டாக்டர். பதிவு மேஜையில் நான் பெயர் கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற மனைவியையும் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் பெயரை எழுதினேன்.

நீ விழுந்த அன்று, தலை தரையில் இடித்தது, கூடை வளையம் இரண்டாகத் தெரிந்தது, கோச்சிடம் சொல்லாதேம்மா, உட்கார வைத்துவிடுவார் என்றாய். இப்போதும் ஓடினால் தலை வலிக்கிறது என்கிறாய். பள்ளிக்கூடம் அனுப்பிய படிவத்தில், தலையில் அடிபட்டதுண்டா என்ற கேள்விக்கு நான் இல்லை என்று டிக் போட்டேன். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், தெரு முழுக்கப் படிவம் நிரப்பித் தருகிறவள், நாள் பூராவும் வருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறவள். உன் முகம் வாடக்கூடாது என்று பொய் எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது.

நகத்தை ஒட்ட வெட்டு, தலையில் கொண்டை ஊசி குத்தாதே, ரப்பர் பேண்டு போதும், தண்ணீர் குடி என்று எப்போதும் சொல்வதைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இன்னும் எத்தனையோ ஆட்டம் ஆட வேண்டும்.

கோச்சின் நம்பரை மூன்று தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நான் சொன்னால் இனி அடிபட்டாலும் என்னிடம் மறைப்பாய் என்று பயம். சொல்லாவிட்டால் வருகிற பயம் அதைவிடப் பெரிது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவரை பொறுக்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது. அதற்குள் நீயே அவரிடம் போய்ச் சொல்லிவிடு தங்கம், அம்மா பொய் எழுதினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

உன் அம்மா