மீசை முளைத்த அட்டை

ஜூலை 3, வியாழன்

மகளின் பையில் பள்ளிச் சீட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த மாதம் ஒவ்வொருவராக அழைத்து, வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். கீழே அடிக்கோடு போட்டு: "இதற்கென்று வீட்டில் தனிப் பயிற்சி வேண்டாம்." வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாமா? இல்லை, விருந்தாளி 'போதும் போதும்' என்பாரே, அந்த மாதிரியா?

இவரிடம் காட்டினேன். "வேண்டாம்னுதான் போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்று சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். எப்படித்தான் முடிகிறதோ. நான் எம்.எஸ்சி. வேதியியல். என் நண்டு எழுத்துத் தெரியாமல் முழித்தால் யாரைச் சொல்வார்கள்? இவரையா?

ஜூலை 4, வெள்ளி

பள்ளி வாசலில் குடைக்காரம்மா. வெயிலோ மழையோ, குடை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. "அதெல்லாம் சும்மா எழுதுவாங்கப்பா. எல்லார் வீட்லயும் கமுக்கமா நடந்துகிட்டுதான் இருக்கு. நீ ஒருத்திதான் அப்பாவியா நிக்கிற. அதே வார்த்தைங்களைத்தான் சுத்திச் சுத்திக் கேப்பாங்க." மூத்த மகளுக்காக அவர் எழுதிய வார்த்தை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். சின்னவளுக்கு வேண்டுமாம், பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

ஒரு வாரப் பயிற்சியில் மொத்த டப்பாவையும் சொல்லிவிட்டாள்! மரம், வண்டி, பாடம், கதவு — ஒரு தடங்கல் இல்லை. அட்டையைத் தூக்குவதற்குள் பதில். வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "இது உன் பொண்ணா, புயலா?" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா?" என்றேன் இவரிடம். "பார்த்தேன், பார்த்தேன். டப்பா சரி, பிஸ்கட் எங்கே?"

ஜூலை 12, சனி

அட்டைகள் நைந்துபோயிருந்தன. நல்ல வெள்ளை அட்டையில் திரும்ப எழுதிக் காட்டினேன். முதலில் 'மரம்'. நண்டு முழித்தாள்.

"தெரியலம்மா."

"நேத்து சொன்னியே!"

"இது அது இல்ல. அதுக்கு மீசை இருக்கும்."

பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூலையில் கிரேயான் கிறுக்கல், மூன்று கோடு. மீசையேதான். 'பாடம்' அட்டையின் ஓரத்தில் டீ டம்ளர் வட்டம். 'வண்டி'க்கு முனை மடிந்திருக்கிறது. 'கதவு' லேசாகக் கிழிந்திருக்கிறது. புதிய அட்டைகளில் பாதிக்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

கத்தினேன். இத்தனை நாளா என்னை ஏமாத்தினியாடி என்று — ஆறு வயசுப் பிள்ளையை. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து குரல்: "டீச்சர்ட்ட நம்ம அட்டையையே எடுத்துட்டுப் போலாம்மா."

எங்க ஏமாத்தினா? நான் அட்டையைக் காட்டினேன், அட்டையைக் கத்துக்கிட்டா. வீடியோ எடுத்தது யாரு? பெருமையா அக்காவுக்கு அனுப்பினது யாரு? சே, என்ன மனுஷி நான்.

ஜூலை 14, திங்கள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், நான் வேலை பார்க்கும் தண்ணீர்ச் சோதனை ஆய்வகத்துக்குப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். மேல்தொட்டித் தண்ணீராம். சோதித்தால், கடையில் வாங்கும் சுத்திகரித்த தண்ணீர் மாதிரி உப்பே இல்லை. "கேன் தண்ணியா சார்?" என்றேன். நெளிந்தார். "ஃபெயிலாயிடுமோன்னு பயந்துட்டேன் மேடம்."

"பாஸ் போடவா சார் இங்க உக்காந்திருக்கோம்? அந்தத் தொட்டித் தண்ணியைக் குடிக்கப்போறது உங்க வீட்டுப் பிள்ளைங்க!" நன்றாக டோஸ் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்கே உறைத்தது. அந்த பிஸ்கட் டப்பா என்னுடைய கேன் தண்ணீர்.

இவரிடம் சொன்னேன். சிரித்துத் தொலைத்தார். "நான்தான் ஃப்ரிட்ஜுல ஒட்டினப்பவே—" "வாயை மூடுங்க."

ஆனாலும் அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. தொட்டியைக் கழுவலாமே. சோதனைக்காக இல்லை, குடிக்கிறதுக்காக.

ஜூலை 19, சனி

டப்பா அலமாரி உச்சியில். நானும் நண்டும் தெருவில் கடைப் பலகைகளைப் படிக்கிறோம். மருந்துக் கடைப் பலகைக்கு எதிரே நின்றுவிட்டாள். ம... ரு... அடுத்த எழுத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து — "மருந்து!" கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம். படிக்க வந்தோம்," என்றாள் மகாராணி.

ஜூலை 23, புதன்

இன்று அவள் முறை. ஆய்வகத்தில் ஒரு குடுவையை உடைத்தேன்.

"என்ன கேட்டாங்க?" "வார்த்தை." "சொன்னியா?" "சிலது." ஐஸ்கிரீம் வேண்டுமாம்.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் கூப்பிட்டிருந்தார். கொ, கோ மாதிரி கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் தடுமாறுகிறாளாம். மதியம் நாலைந்து பிள்ளைகளோடு தனியாக உட்கார வைத்துப் பழக்கப்போகிறார்கள். "அவ்வளவு மோசமா டீச்சர்?" என்றேன். அவர் சிரித்தார்.

"முதல் எழுத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்த வார்த்தையை அடிச்சு விடற பிள்ளைங்கதான் ஜாஸ்தி. இவ என்னடான்னா, 'இது எனக்குத் தெரியாது டீச்சர், இருங்க, கண்டுபிடிக்கிறேன்'ங்கிறா. என்னையே காக்க வச்சுட்டா! ஆனா பல வார்த்தையைக் கண்டுபிடிச்சிட்டாம்மா. வீட்ல ஏதாவது பண்ணீங்களா?"

"மருந்துக் கடைக்குப் போனோம்," என்றேன்.

பஸ் ஏறத் தோன்றவில்லை. இந்த மிதப்பிலேயே நடந்து வீடு வந்தேன். தெரியாது என்று தைரியமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. இவளுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

குடைக்காரம்மா டப்பாவை வாங்கிப் போக வந்தார். நண்டு முந்திக்கொண்டு மூடியைத் திறந்தாள். "ஆன்ட்டி, படிச்சுக் காட்டவா?" நான் வேண்டாம் என்பதற்குள் முதல் அட்டை கையில். மீசை அட்டை.

கட்டை விரலால் மீசையை அழுத்தி மூடிக்கொண்டாள். "ம... ர..."

"விரலை எடுடி, எதுக்கு மறைக்கிற?" என்றார் குடைக்காரம்மா.

"அதைப் பார்த்தா தெரிஞ்சுடும் ஆன்ட்டி. அப்புறம் படிக்க முடியாது."

இதை நான் சொல்லித் தரவில்லை. அடுத்தது டீ வட்டம். அதற்கு உள்ளங்கையே வேண்டியிருந்தது.